ரேஸ் ஏத்தி விடுறது ரிப்பேர் இல்லீங்க

பழைய கார் வச்சிருக்கிற எல்லாருக்கும் இது பழக்கமான கதைதான். ரோட்ல ஓடும்போது வண்டி ஜம்முனு போகும். நிறுத்தி நியூட்ரல்ல விட்டா உடம்பெல்லாம் நடுங்கும். சைடு கண்ணாடி ஆடும், டேஷ்போர்டு கடகடன்னு பேசும், கியர் ராடு குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறும். கொஞ்ச நேரத்துல 'டப்'னு ஆஃப் ஆயிடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனா பானட்டைத் தூக்குவாங்க, ஸ்க்ரூ டிரைவரை எடுப்பாங்க, கார்புரேட்டர்ல ஒரு ஸ்க்ரூவை அரைச் சுத்து திருப்புவாங்க. "ரேஸ் கம்மியா இருந்துச்சு சார், ஏத்தி விட்டிருக்கேன்." நூறு ரூபா. வண்டி உறுமும், நடுக்கம் கொறஞ்ச மாதிரி இருக்கும். நாமளும் சந்தோஷமா வீட்டுக்கு வந்துடுவோம்.

இது ரிப்பேரே இல்லை. அழுவுற குழந்தைக்கு என்ன வலின்னு பார்க்காம ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைக்கிற வேலை.

அந்த ஸ்க்ரூ என்னதான் பண்ணுதுன்னு பார்ப்போம். கார்புரேட்டர் மாருதி 800-ஐயே எடுத்துக்குங்க. 1983 டிசம்பர்ல முதல் வண்டி வெளிய வந்துச்சு, 2014 ஜனவரியில உற்பத்தியை நிறுத்திட்டாங்க. ஆனா பாலக்கோடு, மாரண்டஹள்ளி, காரிமங்கலம் பக்கம் வந்து பாருங்க, இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. 796 சிசி, மூணு சிலிண்டர். சும்மா நிக்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 900 சுத்து சுத்தணும். நாலு ஸ்ட்ரோக் என்ஜின்ல ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் ஒரு சிலிண்டர் வெடிக்கும். ஆக ஒவ்வொரு சிலிண்டரும் நிமிஷத்துக்கு 450 தடவை, நொடிக்கு ஏழரை தடவை. மூணுல ஒண்ணு படுத்துக்கிட்டா நொடிக்கு ஏழெட்டு உதறல். அதுதான் ஸ்டியரிங்ல கை வச்சா தெரியிற நடுக்கம். ரேஸை 1300-க்கு ஏத்தினா என்ன ஆகும்? உதறல் வேகமாகும், ஃப்ளைவீல் அதை அமுக்கிடும், நம்ம கைக்குத் தெரியாது. படுத்த சிலிண்டர் படுத்தேதான் கிடக்கும். அதுக்குள்ள போற பெட்ரோல் எரியாம பாதி சைலன்சர் வழியா வெளிய போகும். மீதி சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயிலைக் கழுவிக்கிட்டு கீழே இறங்கும். போதாக்குறைக்கு சாவியை எடுத்த பிறகும் என்ஜின் 'டக் டக் டக்'னு ரெண்டு மூணு சுத்து சுத்திட்டு நிக்கும். அதுவும் ரேஸ் அதிகமா வச்சதோட பரிசுதான்.

(மூணு சிலிண்டர் என்ஜின் இயல்பாவே கொஞ்சம் ஆடும். அது நோய் இல்லை, ஜாதகம். நான் சொல்றது நேத்து இல்லாத ஆட்டம் இன்னைக்கு வந்தா என்னங்கிறது.)

ஐடில்ங்கிறதை ஏதோ வண்டி ஓய்வெடுக்கிற நேரம்னு நினைக்கிறோம். உண்மையில என்ஜினுக்கு ரொம்பக் கஷ்டமான வேலை அதுதான். த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே போற காத்து ரொம்பக் கொஞ்சம், அதுக்கு ஏத்த பெட்ரோல் அதைவிடக் கொஞ்சம். அந்த நேரத்துல மேனிஃபோல்டுல ஊசி நுழையிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தாலும் மொத்தக் கணக்கும் தப்பிப்போகும். அதே ஓட்டை எண்பதுல போகும்போதும் இருக்கும், ஆனா அப்போ உள்ளே போற காத்து பல மடங்கு அதிகம்கிறதால ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் "ஓடும்போது நல்லாத்தான் இருக்கு, நிக்கும்போதுதான் ஆடுது"ங்கிறது புலம்பல் இல்லை, துப்பு. பாதி நோயை அந்த ஒரு வாக்கியமே சொல்லிடுது. அதைக் காதுல வாங்கிக்காம ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறாங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம் வருது.

ஸ்க்ரூ திருப்புற கோஷ்டியாவது நூறு ரூபாயோட விட்டுடும். அடுத்த கோஷ்டி இருக்கே, சாமான் மாத்துற கோஷ்டி...

எங்க வீட்ல இருக்கிறது 1998 மாடல் 800. போன வருஷம் நடுக்கம் வந்துச்சு. அப்பா ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டார் (பேரு வேண்டாம், ஊரும் வேண்டாம்). முதல்ல மூணு பிளக்கையும் மாத்தினாங்க. நிக்கலை. பிளக் ஒயர் செட், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டர் மாத்தினாங்க. நிக்கலை. காயில் மாத்தினாங்க. கார்புரேட்டரைக் கழட்டி கிட் போட்டாங்க. ரெண்டு நாள் நல்லா இருந்த மாதிரி இருந்துச்சு (ரேஸ் ஏத்தி விட்டிருந்தாங்க, வேற ஒண்ணும் இல்லை), திரும்பவும் அதே ஆட்டம். மொத்தம் பதினோராயிரத்து சொச்சம். கடைசியில வந்த தீர்ப்பு: "என்ஜின் இறக்கணும் சார். பழைய வண்டி பாருங்க, போர் வேலை இருக்கும்."

நான் பொட்டி தட்டுறவன். எங்க தொழில்ல ஒருத்தன் பிழை எங்கன்னு தேடாம ஒவ்வொரு ஃபைலா அழிச்சு அழிச்சுத் திரும்ப எழுதிட்டு, கடைசியில "மொத்த சிஸ்டத்தையும் புதுசா எழுதணும்"னு சொன்னா அன்னைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிடுவாங்க. (பொய் சொல்லக் கூடாது, சில இடத்துல மேனேஜர் ஆக்கிடுவாங்க.) ஆனா அங்கேயும் முதல் கேள்வி ஒண்ணுதான்: கோளாறு எல்லா இடத்துலயும் இருக்கா, ஒரு இடத்துல மட்டும் இருக்கா?

வண்டி கடைசியா போய்ச் சேர்ந்தது பாலக்கோட்டுல ஒரு பெரியவர்கிட்ட. ஒரு காலத்துல கமாண்டர் ஜீப் மட்டுமே பார்த்தவராம். வண்டியை ஆட விட்டுட்டு ஒவ்வொரு பிளக் ஒயரா உருவிப் பார்த்தார். ஒண்ணாவதை உருவினா என்ஜின் செத்துப்போற மாதிரி இறங்குது. ரெண்டாவதும் அப்படியே. மூணாவதை உருவினா ஒரு மாத்தமும் இல்லை. ஆக மூணாவது சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யலை. இதுக்கு ஆன நேரம் ரெண்டு நிமிஷம். பதினோராயிரம் செலவு பண்ணின இடத்துல யாரும் பார்க்காத விஷயம் இது.

அடுத்து அவர் பண்ணினதுதான் அழகு. "தம்பி, ரேஸைக் கொஞ்சம் புடி"ன்னார். சத்தத்தை வச்சுப் பார்த்தா ஒரு ரெண்டாயிரம் சுத்து இருக்கும். இப்போ மூணாவது ஒயரை உருவினார். என்ஜின் தொங்கிப்போச்சு. அதாவது வேகத்துல மூணாவது சிலிண்டர் வேலை செய்யுது, நின்னா மட்டும் படுத்துக்குது. பிளக் செத்திருந்தா, ஒயர் செத்திருந்தா, ரிங் போயிருந்தா வேகத்துலயும் சுணங்கத்தானே வேணும்? சந்தேகத்துக்கு ஒண்ணாவது பிளக்கையும் மூணாவது பிளக்கையும் இடம் மாத்திப் போட்டார். நோய் பிளக்கோட போகலை, மூணாவதுலயே உட்கார்ந்திருந்துச்சு. கார்புரேட்டரா? அது மூணு சிலிண்டருக்கும் பொது. பொதுச் சொத்து கெட்டா மூணு பேருக்கும் வயித்து வலி வரணும், ஒருத்தனுக்கு மட்டும் வராது. காயிலும் அப்படித்தான். இந்த ஒரு யோசனை இருந்திருந்தா கார்புரேட்டர் கிட்டும் காயிலும் கடையிலயே இருந்திருக்கும்.

வால்வு லேசா ஒழுகினாலும் வண்டி இதே மாதிரி நடிக்கும். அதுக்கு ஒரு பழைய வைத்தியம்: சைலன்சர் வாய்க்கு நேரா ஒரு துண்டுக் காகிதத்தைப் புடிச்சார். எக்ஸாஸ்ட் வால்வு எரிஞ்சு போயிருந்தா காகிதத்தை விட்டுவிட்டு உள்ளே இழுக்கும். இழுக்கலை, சீராத் தள்ளிச்சு. அப்புறம் குடிக்கிற தண்ணி பாட்டில் மூடியில ஓட்டை போட்டு, மேனிஃபோல்டு ஹெட்டோட சேர்ற இடத்துல மூணாவது சிலிண்டர் பக்கம் சொட்டு சொட்டா விட்டார். 'ஸ்ஸ்'னு உள்ளே இழுத்துச்சு, என்ஜின் சத்தம் ஒரு நொடி மாறிச்சு. "ஏர் இழுக்குது தம்பி." அவ்ளோதான். கேஸ்கெட் அந்த மூலையில உயிரை விட்டிருந்துச்சு. பழசைச் சுரண்டி எடுத்து, புதுசு போட்டு, நட்டையெல்லாம் ஒழுங்கா டைட் வச்சு, ஏத்தி வச்சிருந்த ரேஸை இறக்கினார். நடுக்கம் போச்சு. கேஸ்கெட், கழட்டி மாட்டுற கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள்ள. கண்டுபிடிச்சதுக்குத் தனியா முந்நூறு கேட்டார்.

அப்பா அந்த முந்நூறுக்குப் பேரம் பேசினார்!

"என்னங்க, நாலு சொட்டு தண்ணி விட்டுப் பார்த்ததுக்கா முந்நூறு? நூத்தம்பது வச்சுக்குங்க"ன்னார். பதினோராயிரத்துக்கு ஒரு வார்த்தை கேட்காத மனுஷன். ஏன்னா அங்க டப்பா டப்பாவா சாமான் கையில கொடுத்தாங்க, பில் கொடுத்தாங்க, பழைய பிளக்கைக்கூட காகிதத்துல மடிச்சுக் கொடுத்தாங்க. இங்க கொடுத்தது வெறும் பதில். பதிலுக்கு எவன் காசு கொடுப்பான்?

நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். சாமான் மாத்துற மெக்கானிக்கை உருவாக்கினது நாம. டாக்டர்கிட்ட போனா ஃபீஸ் தனி, மருந்துக் காசு தனின்னு ஒத்துக்கிறோம். மெக்கானிக்கிட்ட மட்டும் "பார்த்துச் சொல்றதுக்கெல்லாம் காசா?"ன்னு கேட்கிறோம். அவர் வீட்லயும் அடுப்பு எரியணும். ஒரு மணி நேரம் குனிஞ்சு, காதைக் கொடுத்து, யோசிச்சுக் கண்டுபிடிச்சா கையில நூறு ரூபா. யோசிக்காம காயில் மாத்தினா கடைக்காரர் கொடுக்கிற கமிஷன், மாட்டின கூலி, "புது சாமான் போட்டிருக்கார்"னு நல்ல பேர். எந்தப் பைத்தியக்காரன் யோசிப்பான்? அந்தப் பெரியவருக்குப் பிறகு அவர்கிட்ட தொழில் கத்துக்க வந்த பையன் ஒருத்தனும் இல்லை. ரெண்டு பையனுங்க வந்து, கொஞ்ச நாள் இருந்துட்டு ஓசூர் கம்பெனிக்குப் போயிட்டாங்களாம். போகாம என்ன பண்ணுவாங்க?

"அட விடுங்க, பழைய டப்பாவுக்கு இவ்ளோ அக்கப்போரா, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்க வேண்டியதுதானே"ன்னு பெங்களூர்ல கூட வேலை செய்யிறவங்க சொல்றாங்க. சொல்றது சுலபம். எங்க பக்கம் பழைய 800 வச்சிருக்கிறவர் அதை ஆசைக்கு வச்சிருக்கலை. தக்காளி கிலோ ரெண்டு ரூபாய்க்கு விழுற வருஷமும் உண்டு, அந்த வருஷம் மண்டிக்கு வந்து போற டீசல் காசுகூடத் தேறாது. அவர்கிட்ட தவணை கட்டி கார் வாங்குன்னு சொல்றதா? ராத்திரி பன்னெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னா தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போக வாசல்ல நிக்கிறது இந்த டப்பாதான். அந்த நேரத்துல ரோட்டு நடுவுல 'டப்'னு ஆஃப் ஆகாம இருக்கணும். இருபது வருஷம் தாண்டின காரோட பதிவைப் புதுப்பிக்கிற கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல பத்தாயிரமா ஆக்கியிருக்காங்க, அதையும் கட்டிட்டு ஓட்டுறாங்கன்னா சும்மா இல்லை.

இப்போ புதுசா ஒரு சாக்கு வந்திருக்கு. எது கெட்டாலும் "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் சார்." வாட்ஸ்அப்ல ஒரு கோஷ்டி எத்தனால்தான் எமன்ங்குது, இன்னொரு கோஷ்டி எத்தனாலைக் குறை சொன்னா கரும்பு விவசாயிக்குத் துரோகம்ங்குது. சர்க்கரை ஆலை இருக்கிற ஊர்ல, கரும்பு வண்டிக்குப் பின்னாடி ஊர்ந்து போய்ப் பழகினவன் நான். எனக்கும் விவசாயி மேல அக்கறை உண்டு. (கரும்பு மட்டும் இல்லை, மக்காச்சோளத்துலயும் அரிசியிலயும்கூட எத்தனால் எடுக்கிறாங்க.) ஆனா கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதம் கலந்த இ20-க்கு 13.5 போல. ஆக்சிஜன் சென்சார் இருக்கிற வண்டி இதைத் தானே புரிஞ்சுக்கிட்டு பெட்ரோலைக் கூட்டிக்கும். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது, பழைய ஜெட் என்ன அளவோ அதையேதான் விடும். அதனால கலவை காத்துப் பக்கம் சாயும், ஐடில் கொஞ்சம் தடுமாறும். இது உண்மை. ரப்பர் ஹோஸ், கேஸ்கெட், டயாஃப்ரம் எல்லாம் சீக்கிரம் கெடலாம்ங்கிறதும் உண்மை. பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்ல சில பழைய வண்டிகளுக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடின பிறகு ரப்பர் சாமான், கேஸ்கெட் மாத்த வேண்டி வரலாம், செலவு கம்மிதான்னு சொல்லிச்சு. நிதி ஆயோக் 2021 அறிக்கையில, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குன்னு வடிவமைச்ச கார்ல மைலேஜ் ஆறு ஏழு சதவீதம் குறையும்னு இருக்கு. 2030-க்குன்னு வச்ச இலக்கை முன்னாடி இழுத்து 2025-லயே இருபது சதவீதத்தைத் தொட்டாங்க. பழைய வண்டிக்காரன் பங்க்ல வேற பெட்ரோல் கேட்டு வாங்க வழி வைக்கலை. அதுல எனக்கு அரசாங்கத்து மேல நிஜமாவே கோவம் உண்டு. செலவு கம்மின்னு சொல்றவங்க உற்பத்தி நின்னுபோன வண்டிக்கு ஒரிஜினல் கேஸ்கெட் தேடி ஒரு தடவை தர்மபுரி, சேலம்னு அலைஞ்சு பார்க்கட்டும்.

ஆனா பாருங்க, எத்தனாலும் கார்புரேட்டர் மாதிரிதான், மூணு சிலிண்டருக்கும் பொது. கலவை மெலிஞ்சா மூணும் மெலியும். அதுக்கு மருந்து மிக்சர் ஸ்க்ரூவை ஒழுங்கா வைக்கிறது, ஜெட்டைச் சுத்தம் பண்றது. ஒரு சிலிண்டர் மட்டும் படுத்திருந்தா "எத்தனால்"னு சொல்லிக் கையைக் கழுவ முடியாது. எத்தனால் அந்த மூலை ரப்பரைத் தின்னிருக்கலாம், சரி. அப்பவும் எந்த மூலைன்னு தேடித்தானே ஆகணும்?

இன்னொரு கூத்து. நோயைக் கண்டுபிடிக்கிற கருவி வேணும்னு யாரும் எங்கேயும் போக வேண்டாம், டேஷ்போர்டுக்குள்ளேயே ஒரு ரிப்போர்ட் தூங்குது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கிற புகை சர்டிபிகேட். பெட்ரோல் வண்டிக்கு அந்தச் சோதனையை ஐடில்லதான் பண்றாங்க. கார்பன் மோனாக்சைடு இவ்ளோ சதவீதம், ஹைட்ரோகார்பன் இவ்ளோ பிபிஎம்னு ரெண்டு எண் இருக்கும். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தின காருக்கு எல்லை 3 சதவீதமும் 1500 பிபிஎம்மும். மோனாக்சைடு ஏறியிருந்தா பெட்ரோல் அதிகம் போகுதுன்னு அர்த்தம்: சோக் ஒட்டியிருக்கலாம், ஃப்ளோட் அளவு தப்பியிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம். மோனாக்சைடு கம்மியா இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தா எங்கேயோ ஒரு சிலிண்டர் எரிக்காம விடுதுன்னு அர்த்தம். எங்க வண்டியோட பழைய சீட்டுகளை வரிசையா வச்சுப் பார்த்தேன். முதல்ல முந்நூத்தி சொச்சம், கடைசிச் சீட்டுல ஆயிரத்து நூறைத் தாண்டி இருக்கு. மோனாக்சைடு ஒரு சதவீதம்கூட இல்லை. ரெண்டும் எல்லைக்குள்ளதான், அதனால 'பாஸ்'. போலீஸ்கிட்ட காட்ட ஒரு காகிதம்னு மடிச்சு உள்ளே போட்டாச்சு. பதினோராயிரத்துக்கான விடை அந்த மடிப்புக்குள்ளதான் இருந்துச்சு. (குழாயை நிஜமாவே சைலன்சருக்குள்ள விட்டு எடுத்த சென்டரா இருக்கணும், அது வேற கதை.)

2000 வாக்குல வந்த எம்பிஎஃப்ஐ வண்டிக்காரங்க சிரிக்க வேண்டாம். உங்களை ஏமாத்த 'ஸ்கேனர்'னு ஒண்ணு வச்சிருக்காங்க. நம்ம நாட்டுல ஓபிடி-2 கட்டாயமானதே 2013-லதான். அதுக்கு முந்தின வண்டி பலதுல அந்தப் பொது ஸ்கேனர் பேசவே பேசாது. பேசினாலும் "கலவை மெலிவு"ன்னு சொல்லும், ஏன் மெலிஞ்சதுன்னு சொல்லாது. அதைப் பார்த்துட்டு சென்சார் மாத்தச் சொல்லுவாங்க, ரெண்டாயிரமோ மூவாயிரமோ போகும். த்ராட்டில் பாடியில கரி படிஞ்சிருக்கா, ஐடில் வால்வு அழுக்குல ஒட்டியிருக்கா, ஹோஸ் எங்கேயாவது வெடிச்சிருக்கான்னு பார்க்கிறதுக்குக் கண்ணும் ஒரு டப்பா கிளீனரும் போதும்.

அடுத்த தடவை வண்டியை விடும்போது "என்ன மாத்தணும்?"னு கேட்காதீங்க. "எந்த சிலிண்டர் படுத்திருக்கு? வேகத்துல எழுந்துக்குதா? கம்ப்ரஷன் பார்த்தீங்களா?"ன்னு கேளுங்க. "பார்த்துச் சொல்றதுக்கு ஐந்நூறு ரூபா தனியா தர்றேன், சாமான் எதுவும் வாங்கலைன்னாலும் தர்றேன்"னு முதல்லயே சொல்லுங்க. மூஞ்சியைச் சுளிச்சா வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துடுங்க. முகம் மலர்ந்தா அவர் நம்பரை வாங்கி வச்சுக்குங்க.

பி.கு: பிளக் ஒயரை வெறும் கையில உருவாதீங்க, நல்லா தூக்கி அடிக்கும். ரப்பர் உறை போட்ட கட்டிங் பிளேயர் வேணும். உருவின ஒயரை அந்தரத்துல விடாம பாடியில எர்த் காட்டுங்க, இல்லைன்னா காயில் கெடும். தண்ணியை இன்டேக் பக்கம் மட்டும் சொட்டு சொட்டா விடணும், சூடான எக்ஸாஸ்ட் மேல ஊத்தினா விரிசல் விடும். பெட்ரோலைத் தெளிச்சுப் பார்க்கச் சொல்ற யூட்யூப் புண்ணியவான் பேச்சைக் கேட்காதீங்க, வண்டியோட சேர்ந்து நீங்களும் எரிஞ்சு போவீங்க. அப்பா கடைசியில இருநூறு கொடுத்தார். மீதி நூறை நான் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப கொடுத்துட்டேன்.